கோரஸ் மைக் வைத்தது பர்வேஸ்தான், மாமா

மதிப்பிற்குரிய மாமா, மேஸ்திரி கிருஷ்ணசாமி அவர்களுக்கு, உத்திரமேரூரிலிருந்து தங்கள் மூத்த மாப்பிள்ளை வசந்த்குமார் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கிடாரும் நலம். அங்கே தாங்களும், அத்தையும், கோபித்துக்கொண்டு தங்களிடம் வந்துவிட்ட என் மனைவி சுகிர்தாவும் நலம் என்றே நம்புகிறேன். நான் கூப்பிடக் கூப்பிட ஃபோனைக் கட் பண்ணுகிற வேகத்திலேயே தங்கள் உடம்பு திடமாக இருப்பது தெரிகிறது. இப்போது பிளாக்கும் செய்துவிட்டதால், வேறு வழியில்லாமல் தாள் வாங்கி எழுதுகிறேன். பெருநகர் பஸ் கண்டக்டர் பாண்டுரங்கன் தங்கள் கையிலேயே கொடுப்பார். கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

நடந்ததற்கெல்லாம் மூல காரணம் தாங்கள் என்மேல் வைத்த நம்பிக்கைதான். தங்கள் சின்ன மகள் ரிசப்ஷனுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து பாட்டுக் குழு பேசலாமா என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது, தாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க மாப்பிள்ள கீறாரு, கிடாரு வாசிப்பாரு. வெளி ஆளு இன்னாத்துக்கு?" என்றீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் தாங்கள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மாமா. அந்தக் கலக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் குழுவில் நான் வாசிப்பது ஓரமாக நின்று ஜங்கு ஜங்கு என்று தட்டுகிற ரிதம் கிடார். பாடுகிறவர் வாயை மூடியதும் முன்னால் வந்து தனியாக வாசிக்கிறார்களே, அந்த சோலோ எல்லாம் லீட் கிடார் ஜெகனுடைய வேலை. அவனுக்கு அந்த நேரம் பார்த்து ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்து, ஷிஃப்ட் மாற்ற முடியாது என்று சொல்லிக் கழன்றுகொண்டான். குழுவை நடத்துகிற பர்வேஸ், பஜாரில் பேக் கடை வைத்திருக்கிறாரே அவர்தான், இனி எல்லா சோலோவும் உன் தலையில் என்று சொல்லிவிட்டார். ரிசப்ஷனோ நெருங்கிவிட்டது. தங்கள் மானம் என் பத்து விரலில் நின்றது.

சீக்கிரம் கற்றுக்கொள்ள பர்வேஸ் ஒரு வழி சொன்னார். வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிடு, துண்டு துண்டாகப் பிரித்துக்கொள், முதலில் வாயால் வாசி என்றார். "வாயில வராதது வெரல்ல வராது பாய்" என்பது அவர் பேச்சு. நானும் பகல் முழுக்க வயரிங் வேலையில் ஏணிமேல் நின்றபடி னன்னானா னானா என்று வாசித்துக்கொண்டிருந்தேன். கஷ்டம் என்னவென்றால் எல்லா சோலோவும் னன்னானாதான். ஒரு பாட்டில் தொடங்கி இன்னொரு பாட்டில் போய் முடிந்தேன். ஆகையால் குழம்பாமல் இருக்க ஒவ்வொரு சோலோவுக்கும் வார்த்தை போட்டேன். முதல் பாட்டுக்கு "மானாம்பதி கூட்ரோடு, பெருநகரு எறங்கு" என்று பஸ் ஸ்டாப். அடுத்ததற்கு "சுவிட்ச்சு போர்டு, சீலிங் ஃபேனு, த்ரீ பின் சாக்கெட்டு". வார்த்தை உட்கார்ந்ததும் விரல் தானாக ஓடியது மாமா, இது சத்தியம்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் படியவில்லை. வேகமான சோலோ, கடைசியில் கம்பியை மேலே தள்ளி நீளமாக இழுக்க வேண்டும். நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அன்றுதான் தாங்கள் பத்திரிகை வைக்க வந்தீர்கள். வந்ததும் வழக்கம்போல், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை மடியிலிருந்து எடுத்து, நான் பதித்த சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்து, கோணல் என்றீர்கள். பிறகு சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே படுத்தீர்கள். உள் அறையில் நான், வெளி அறையில் தங்கள் குறட்டை. அந்தக் குறட்டை சரியான தாளத்தில் வந்தது என்பதைத் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரமாக வராத சோலோ அந்த மத்தியானமே வந்துவிட்டது. "கோணலு பாக்கும் கிஷ்ணசாமி, கொறட்ட வுடாத தூங்கு சாமி." கடைசி இழுப்புக்கு "சாமீ". இதில் அவமரியாதை எதுவும் இல்லை, மாத்திரைக் கணக்குதான். பயந்துபோய் "தேங்கா பத்த, மாங்கா பத்த" என்று மாற்றியும் பார்த்தேன், விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

ரிசப்ஷன் அன்று முதல் இரண்டு பாட்டு நன்றாகத்தானே போயிற்று? முன் வரிசையில் தாங்கள் சம்பந்தியின் தொடையைத் தட்டி என்னைக் காட்டியதை நான் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் இரண்டு இடத்தில் எல்லோரும் "ஹோய்" சொல்ல வேண்டும், அதற்காக பர்வேஸ் ஒரு கோரஸ் மைக்கைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேராக வைத்தார். சோலோ வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரல் ஓடியது, கூடவே வாயும் ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியாது. கை தட்டினார்கள். என் விரலுக்குத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடியும் வாசித்தேன். இந்த முறை மாப்பிள்ளை வீட்டு ஜனம் மொத்தமும் கூடச் சேர்ந்து பாடியது. கண்ணைத் திறந்தபோது தங்கள் நாற்காலி காலியாக இருந்தது. பந்தியில் இலை போட்டும் தாங்கள் சாப்பிடாமல் எழுந்துவிட்டதாக அத்தை சொன்னார்கள். சொந்த மகள் கல்யாணத்தில் தாங்கள் பட்டினியாகப் போனது என்னால்தான். அதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை மாமா.

சுகிர்தாவிடம் நான் அது பெருமாள் பெயர், உலகத்துக்கே பொதுவான பெயர் என்று எடுத்துச் சொன்னேன். அவள் பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "பெருமாளு எப்ப நம்ம வூட்ல வந்து கொறட்ட வுட்டுக்கினு படுத்திருந்தாரு? எங்க நைனா மன்னிக்காம நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு தூக்குக்குண்டு வாங்கி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கோணல்தான். தாங்கள் சொன்னது சரி.

இனி எந்த சோலோவுக்கும் வார்த்தை போட மாட்டேன், தங்கள் பெயரை மேடையில் எடுக்க மாட்டேன், கோரஸ் மைக் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். மாமா மனசு இறங்க வேண்டும், மகளைப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

அத்தைக்கு என் வணக்கம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று வாழட்டும். அந்தப் பாட்டை ரிங்டோனிலிருந்து எடுத்துவிடும்படி தாங்களே புது மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.

தங்கள் காலடியில் விழுந்து கிடக்கும்,
வசந்த்குமார்

பின் குறிப்பு: வருகிற ஞாயிறு எங்கள் குழுவுக்குப் பெருநகரிலேயே கச்சேரி, மேடை தங்கள் தெரு முனையில். பர்வேஸ் புதிதாக ஒரு சோலோ கொடுத்திருக்கிறார், எவ்வளவு முயன்றும் படியவில்லை. இந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தபோது, "மாமா மனசு இறங்க வேண்டும், மகளைப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும்" என்ற வரி அதில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கடைசி இழுப்புக்கு மட்டும் ஒரு பெயர் குறைகிறது. எத்தனையோ சாமி பெயர் போட்டுப் பார்த்துவிட்டேன் மாமா, தங்கள் பெயர் மாதிரி எதுவும் அமையவில்லை. இந்தப் பாட்டிலும் இரண்டு "ஹோய்" இருக்கிறதாம்.