அம்புக்குறி படிக்கும் மைத்துனர்

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் செழித்து வளரும் ஒரு மனித இனம் உண்டு. ரிப்போர்ட் வாசிப்போர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். டாக்டருக்குப் படித்திருக்க மாட்டார், மருந்துக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு லேசாகத் திறந்து ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று எட்டிப் பார்த்தால் போதும், நோயாளியின் மனைவி நாற்காலியை விட்டு எழுவதற்குள் அது இவர் கையில் இருக்கும், நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியிருக்கும், தொண்டையிலிருந்து நீளமாக ஒரு "ம்ம்ம்" புறப்பட்டிருக்கும். அந்த "ம்ம்ம்" இருக்கிறதே, அதிலேயே சொந்தக்காரர்களுக்குப் பாதி உயிர் போய்விடும்.

நம்முடைய மைத்துனரைப் பாருங்கள். தண்ணீர் மோட்டார் வியாபாரம். எந்தக் குழாயில் அழுத்தம் ஏறினால் எந்த மூட்டு பிய்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இவருடைய அக்காள் கணவர் தையற்காரர். ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை, "நல்லாத்தானே இருக்கேன்" என்று சில மாதங்களாக நிறுத்தி வைத்திருந்தவர், துணி வெட்டும் மேஜை மீதே ஒருநாள் சரிந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோயின, நினைவும் தப்பியது.

அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவர் மறுபடியும் தன்னைப் பார்த்துப் பேசுவாரா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு டாக்டரம்மா இருந்தார், பாவம். மூளையில் அடிபட்ட செல்கள் உடையும்போது சில புரதங்கள் ரத்தத்தில் கசியும், வெள்ளை அணுக்களின் கணக்கு மாறும், சர்க்கரை ஏறும். ஸ்கேனையும் வயதையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஆள் எவ்வளவு தேறுவார் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார்.

"இது நூறு பேரைப் பத்திச் சொல்லும்மா. உங்க வீட்டுக்காரர் ஒருத்தரைப் பத்தி அடிச்சுச் சொல்லாது. நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டே இருங்க."

மைத்துனரின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அன்று முதல் அவர் அம்புக்குறிகளைப் படிக்கத் தொடங்கினார். தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு இருந்தால் புருவம் ஏறும், கீழ்நோக்கி இருந்தால் உதடு பிதுங்கும், அம்பே இல்லாவிட்டால் சோதனைச்சாலை மீதே சந்தேகம் வரும். காலையில் எழுபது சதவீதம் பிழைப்பார் என்பார், மாலைத் தாள் வந்ததும் முப்பதுக்கு இறக்குவார், இடைப்பட்ட நேரத்தில் உறவினர்களுக்குப் போன் போட்டு நிலவரம் வாசிப்பார். எழுபது என்றால் அக்கா இரண்டு வாய் சாப்பிடுவாள். முப்பது என்றால் தட்டைத் தள்ளிவிடுவாள். தான் ஒரு மனுஷியின் பசியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. உதவி செய்வதாகத்தான் மனதார நம்பினார்.

நம்பிக்கை முற்றியதும் யோசனை ஒன்று உதித்தது. அத்தானின் ரத்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டாமா? ஆரோக்கியமான ரத்தத்துக்கு எங்கே போவது? தன்னுடையது இருக்கிறதே! சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போய் உட்கார்ந்தார்.

அங்கிருந்த நர்ஸ், வழக்கப்படி முதலில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். மறு கையில் சுற்றினாள். பிறகு போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள்.

"மாத்திரை எதுவும் எடுத்துக்கறீங்களா?"

"எப்பவோ எழுதிக் கொடுத்தாங்க டாக்டர். நமக்கு அதெல்லாம் தேவைப்படல. நல்லாத்தானே இருக்கேன்."

"உங்க அத்தானும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாராம்" என்றார் டாக்டரம்மா.

மாலையில் அவருடைய தாளும் வந்தது. இந்த முறை அக்கா முந்திக்கொண்டாள். தம்பியின் கண்ணாடியை வாங்கி மாட்டி, மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "ம்ம்ம்" என்றாள். அந்த ஒலி எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் மைத்துனருக்குப் புரிந்தது. அதன்பிறகு சதவீத அறிவிப்புகள் அடியோடு நின்றன.

அக்காவோ டாக்டரம்மா சொன்னபடி பார்வை நேரம் முழுவதும் கட்டிலருகே பேசிக்கொண்டே இருந்தாள். கடைச் சாவி யாரிடம், பட்டனுக்குக் காஜா எடுக்காமல் கிடக்கும் சட்டைகள் யாருடையவை, தம்பிக்கும் கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, மாத்திரையை நினைவூட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். படுத்திருந்தவரிடம் ஓர் அசைவும் இல்லை. தாள்களோ பெரிதாக நம்பிக்கை தரவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அத்தான் கண்ணைத் திறந்தார். அக்காவை வெகுநேரம் பார்த்தார். இடது கையால் அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வலது கை அசையவில்லை. அது வருமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறகு அவர் பார்வை, பின்னால் ஒடுங்கி நின்ற மைத்துனர் மேல் விழுந்தது. வாய் கோணிக்கொண்டு வெகு பாடுபட்டது.

"மச்சான்... மாத்திரை... போட்டியா?"

அக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டேதான் கிடந்திருக்கிறார். மைத்துனர் அந்த இடத்திலேயே பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீருக்குக்கூடக் காத்திராமல் விழுங்கினார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு ரிப்போர்ட் வாசிப்பவர் இருக்கிறார், அவரிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்களா? தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் கையில் அந்தப் பிரஷர் பட்டையைக் கடைசியாகச் சுற்றியது எப்போது? "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இப்போது வாய்க்குள் முனகினீர்களே, அது எனக்குக் கேட்டுவிட்டது.