சம்பந்திகளின் வாள்வீச்சு

“நிரஞ்சனி, உங்க மாமாவை முதல்ல வெட்டச் சொல்லும்மா.”

விஜேந்திரன் விளக்குமாற்றுத் தடியோடு மருமகன் வீட்டு முற்றத்தில் நின்றார். எதிரே இன்னொரு தடியோடு அவருடைய சம்பந்தி செல்லச்சாமி. பிள்ளைகளின் கல்யாணத்தில் யார் பக்கத்து ஆட்களுக்கு முதல் பந்தி என்று மூண்ட சண்டை. அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதுவானாலும் விஜேந்திரனின் மகள் நிரஞ்சனி வழியாகத்தான்.

அதனால்தான் அவள் கணவன் இந்திரகுமார் அப்பாவையும் மாமனாரையும் பிடித்து வந்தான். சாமுராய்கள் மோதும் வீடியோ கேம் ஒன்றை உக்குவளையில் வீட்டிலிருந்தபடியே செய்துகொண்டிருந்தான். போனில் எடுக்கும் அசைவு, கம்ப்யூட்டரில் சாமுராயின் அசைவாக மாறும். மாலைக்குள் உயிருள்ள ஒரு சண்டையை அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கொழும்புக் கம்பெனி சொல்லிவிட்டது. பகையாளிகள் வீட்டிலேயே இருக்க, நடிகர்கள் எதற்கு?

“உங்க அப்பாகிட்ட சொல்லும்மா,” என்றார் செல்லச்சாமி, “அவருக்கு வலது தோள்ல வலி. நான் இடது பக்கமா வெட்டுறேன்.”

வெட்டினார். திரையில், கவசம் பூண்ட சாமுராய் எதிரியின் தோளில் தூசி தட்டினான்.

“கோவம் வேணும்ப்பா!” இந்திரகுமார் தலையில் கைவைத்தான். “மாமா, அந்த முதல் பந்தியை நெனைச்சுப் பாருங்க!”

நினைத்தார்கள். தடிகளைக் கீழே போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். திரையிலும் இரண்டு சாமுராய்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, ஒருவன் முழங்காலைச் சொறிந்தான்.

இந்திரகுமாருக்கு வேறு வழி தோன்றவில்லை. அப்பாவின் காதில் ஓதினான்: “மாமா உங்களைப் பயந்தாங்கொள்ளின்னாரு.” மாமாவின் காதிலும் அதையே திருப்பி ஓதினான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“கோள் மூட்டுறியாடா?” தடியைத் தூக்கினார் செல்லச்சாமி.

“மாப்பிள்ளை, கொஞ்சம் நில்லுங்க!” மறுபக்கம் வளைத்தார் விஜேந்திரன்.

பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். என்ன வீச்சு, என்ன பாய்ச்சல்! நிரஞ்சனி சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் படம் பிடித்தாள். அருமையான சண்டைதான். ஆனால் இரண்டு சாமுராய்களும் ஒரே கட்சி. எதிரியோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலறி ஓடும் ஓர் ஆள்.

“வேலை போச்சு,” என்று இந்திரகுமார் மூச்சிரைக்க வாசலில் சரிந்தான்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு, கக்கத்தில் கரம் போர்டோடு, தேத்தண்ணிக்கடை யாகூப் வந்தார்.

“ஞாயித்துக்கிழமையாச்சே, ரெண்டு பேரும் கடைக்கு ஆட வரலையேன்னு போர்டை இங்கேயே தூக்கிட்டு வந்தேன். இவங்க ராசியாயிட்டது வீட்டுக்குத் தெரிஞ்சா வாரா வாரம் விருந்துன்னு உட்கார வச்சிருவீங்களாம், அப்புறம் கரம் ஆட முடியாதாம், அதுக்குப் பயந்துதானே தம்பி, இத்தனை வருசமா பேசாத மாதிரி நடிக்கிறாங்க!”

நிரஞ்சனி இடுப்பில் கைவைத்து அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாகூப் போர்டை விரித்துக் காய்களைக் கொட்டினார்.

“மொதல்ல அந்தத் தடிகளை ஒளிச்சு வைங்க தம்பி. ஆட்டம் தொடங்கினா இவங்க ரெண்டு பேரும் நெசமாவே அடிச்சுக்குவாங்க.”