சளி பிடித்த சர்ச் இன்ஜின்

உலகத்தில் எந்த சர்ச் இன்ஜினுக்கும் சளி பிடித்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பிடித்தது. அதன் பெயர் ஹுடுக்கு. கன்னடத்தில் 'தேடு' என்று அர்த்தம். அதை உண்டாக்கியவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பியிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரு விஜயநகரில் ஒரு பிரவுசிங் சென்டரின் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவளுக்கு ஏசி அறையில் வேலை. அது எப்போது பறிபோகுமோ என்று, கரண்ட் போனாலும் பயம், வந்தாலும் பயம். இந்த லட்சணத்தில்தான் ஹனூர்க்காரரான ஹுடுக்கு வந்து, தடுப்புக்குப் பின்னால் இடம் பிடித்து, வெளிநாட்டு சர்ச் இன்ஜின்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தார்.

"டி-ஓ-எஸ்-இ ன்னு அடிச்சுப் பாருங்க அம்மணி" என்றார். எங்கள் ஊர் ஓட்டல் போர்டுகளில் தோசையை இங்கிலீஷில் அப்படித்தான் எழுதுவார்கள். அடித்தேன். வெளிநாட்டு இன்ஜினின் திரை முழுக்க 'டோஸ்', அதாவது மருந்து அளவு. "தோசை தெரியாதவனெல்லாம் தேட வந்துட்டானுங்க" என்று அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்.

அவருடைய இன்ஜினுக்குத் தோசை தெரியும். அக்ரஹாரத்துக் கோயில்கள் நடை திறக்கும் நேரம் தெரியும். வேறொன்றும் தெரியாது. தெரியாததை யாராவது கேட்டால், தடுப்புக்குப் பின்னாலிருந்து அவரே பதில் டைப் அடித்து அனுப்புவார். அவர் டீ குடிக்கப் போனால் இன்ஜினும் டீ குடிக்கப் போய்விடும்.

"புது ஓட்டல் மாதிரிங்க. சரக்கு இருந்தாத்தான் ஆளு வரும். ஆளு வந்தாத்தான் சரக்குப் போட முடியும். அதுக்குள்ள பழைய ஓட்டல்காரன் தெரு முழுக்க இலை போட்டுட்டான்" என்பார், பஜ்ஜியைக் கடித்தபடி நிதானமாக. நான் காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறந்ததும் ஹுடுக்கு வருகிற மாதிரி மாற்றிவிட்டார். அமெரிக்கக் காலேஜைத் தேடிய பையனுக்கு அம்மன் கோயில் அபிஷேக நேரம் வந்தது. கூட்டம் எதிர் சென்டருக்குப் போனது. முதலாளி வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, மூலைக் கம்ப்யூட்டரை மட்டும் ஹுடுக்குக்கு விட்டுவைத்தார்.

"நோடு, பாரு மேரி, சனிக்கிழமை கடை மூடறதுக்குள்ள ஒருத்தராவது தானா வந்து இதுல தேடணும். தேடினது கிடைக்கணும். இல்லேன்னா அவரும் கிளம்பட்டும், அவருக்கு இடம் குடுத்த நீயும் கிளம்பு" என்றார் என்னிடம்.

சனிக்கிழமை ஹுடுக்குக்குச் சளி. தடுப்புக்குப் பின்னால் தும்மல் வெடித்துக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று கேட்டவர்களிடம், "இன்ஜின் சூடாயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு மாதாவை வேண்டிக்கொண்டேன்.

மாலையில் குரங்குக் குல்லாவோடு ஒரு பென்ஷன்காரர் வந்தார். மற்ற இடமெல்லாம் நிரம்பியிருந்ததால் மூலையில் உட்கார்ந்தார். டி-ஓ-எஸ்-இ என்று அடித்தார். நான் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே சந்தோஷமாக ஒரு தும்மல்.

பெரியவர் மாத்திரை அட்டையை ஆட்டினார். "ஏனம்மா, எங்க வீட்டம்மாவுக்கு இது பாதியா முழுசான்னு டாக்டர் சீட்டுல புரியல. இதைக் கேட்டா மசால் தோசைங்குதே?"

வேலை போயிற்று என்று நான் பையை எடுத்தேன். ஹுடுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இதையெல்லாம் என்னைய நம்பிக் கேக்காதீங்க. டாக்டரு எங்கீங்க? வாங்க, போலாம்" என்று அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதலாளி வந்தபோது சர்ச் இன்ஜின் ஊரிலேயே இல்லை.

கடை மூடும் நேரம் இருவரும் திரும்பினார்கள். பாதி மாத்திரைதானாம், கொடுத்தாயிற்றாம், அம்மா தூங்குகிறார்களாம். எல்லாக் கம்ப்யூட்டர்களும் காலியாக இருந்தன. பெரியவர் நேராக மூலைக்குப் போய், ஒரு விரலால் மறுபடி டி-ஓ-எஸ்-இ அடித்தார்.

"மறுபடியும் மாத்திரையா சார்?" என்றார் முதலாளி.

"இல்லப்பா. இப்ப பசிக்குது. நல்ல தோசை எங்க கிடைக்கும்னு பாக்கறேன்."

திரையில் தோசைக் கடைகள் வரிசையாக வந்தன. என் வேலை பிழைத்தது. இன்ஜின் பிழைக்கவில்லை. அடுத்த மழைக்குள் ஹுடுக்கு தன் கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஹனூருக்கே போய்விட்டார்.

இப்போது போனில் எதைக் கேட்டாலும் சட்டென்று வந்து விழுகிறது. எப்போதாவது பதில் தாமதமானால் எல்லோரும் எரிச்சலாகிறார்கள். நான் மட்டும், பாவம், உள்ளே தும்மிக்கொண்டிருப்பார் என்று பொறுமையாகக் காத்திருக்கிறேன்.