முகூர்த்தத் தும்மல்

எங்கள் ஊரில் யாருக்கும் சளி பிடிப்பதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகிற எவனைக் கேட்டாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்படித்தான் சொல்வான். தும்மினால் தூசி. இருமினால் தூசி. காய்ச்சல் அடித்தால் சூளைச் சூடு. (கொரோனா வந்துபோன பிறகும்கூட வைரஸ் என்பது எங்களுக்கு ஆபீஸ்காரர்களின் வியாதிதான்.)

பியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் மண் மாவு அரைக்கிற இடத்துக்கு நான் சூப்பர்வைசர். அதாவது தூசியில் நிபுணன். தங்கை சுமதியின் கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது எனக்கு மூக்கு ஒழுகியது, எச்சில் விழுங்கினால் தொண்டையில் முள் குத்தியது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. அந்தக் கோலத்தில்தான் மாப்பிள்ளைக்கு மோதிர அளவு எடுக்கச் சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பினேன்.

"அண்ணா, ஒடம்பு கொதிக்குது. தூசிக்கு எங்கனா காய்ச்சல் வருமா? அவங்க வூட்ல எல்லாருக்கும் ஒட்டிக்கும், போவாத" என்றாள் சுமதி.

"இத்தினி வருஷமா மண்ணுலயே கெடக்கறேன். எனக்கே பாடம் நடத்துறியா?"

மாஸ்க்கையாவது போட்டுக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். (சம்பந்தி வீட்டுக்கு முகத்தை மூடிக்கொண்டு போவது மரியாதையா?) சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே ராஜ உபசாரம். மூக்கைத் துடைத்த அதே கையால் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்து, நூலைச் சுற்றி அளவெடுத்தேன். வாங்கிப்போன ஜாங்கிரியை நானே எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். நடுநடுவே தும்மினேன். மாப்பிள்ளையின் பெரிய மாமா மட்டும் முகம் சுளித்தார். சகுனம் பார்க்கிற மனுஷர், பூனை குறுக்கே போனால் வந்த பஸ்ஸையே விட்டுவிடுவார்.

"நல்ல காரியம் பேசறப்ப தும்மறீங்களே தம்பி?"

"சகுனத் தும்மல் இல்லீங்க. பட்டறை தூசி" என்றேன் நான், மகா கம்பீரமாக.

கல்யாணத்தன்று எனக்குச் சுத்தமாகக் குணமாகியிருந்தது. மாப்பிள்ளைதான் சிவந்த மூக்கோடு மணமேடையில் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் முழங்கியது. தாலியைச் சுமதியின் கழுத்தருகே கொண்டுபோனவர் வாயைத் திறந்தார், கண்ணை மூடினார், தும்மினார். விடாமல் தும்மினார்.

மேளம் நின்றுவிட்டது. பெரிய மாமா எழுந்தார். தங்கையின் வாழ்க்கையை என் மூக்காலேயே கெடுத்துவிட்டேனே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

"தாலி கட்டற நேரத்துல இப்பிடி ஆவுதுன்னா, இந்தக் கல்யாணம்..." என்று ஆரம்பித்த மாமாவால் முடிக்க முடியவில்லை. அவரே தும்மினார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா தும்மினார். பின்னால் சித்தப்பா, சித்திமார்கள். நான் ஜாங்கிரி கொடுத்த கை ஒன்றுகூடத் தப்பவில்லை. யார் தும்மலை யாருக்குச் சகுனமாகக் கொள்வது என்று தெரியாமல் ஐயர் விழித்தார்.

குனிந்த தலை நிமிராமல் சுமதி மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "சகுனத்த அப்புறம் பாத்துக்கலாங்க. அடுத்த தும்மல் வர்றதுக்குள்ள கட்டிடுங்க."

கட்டிவிட்டார். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நான்தான் இல்லை. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், வெற்றிலை பாக்கோடு ஒரே வேண்டுகோள்தான் வைக்கிறார்கள். இப்போது எனக்கே கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நேற்று பத்திரிகை அச்சாகி வந்ததும் தங்கை மாப்பிள்ளை முதல் பிரதியை என் கையில் கொடுத்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"மச்சான், முகூர்த்தத்துக்கெல்லாம் நீங்க அலைய வேணாங்க. நேரா பந்திக்கு வந்துடுங்க."