கோல் கீப்பர் வீட்டுக்காரர் பேர்

மனைவி சண்முகவள்ளியை மெட்ராசுக்கு அனுப்பக் கூடாது என்று சுருளிவேல் உறுதியாக முடிவெடுத்தார். அந்த நேரம் அவள் எதிரே உட்கார்ந்து அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் முடிவை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

போகச் சொன்னவரும் அவர்தான். வீட்டுக்குப் பின்னால் பெண்கள் பள்ளிக்கூட மைதானம். அங்கே டீச்சர்கள் சேர்ந்து பந்து உதைத்துப் பழகினார்கள். பந்து சுவர் தாண்டி வந்து, காயப் போட்ட வடகத்தையே குறி பார்த்தது. சண்முகவள்ளி வடகத்துக்குக் காவல் நின்றாள். உயரத்தில் வந்தது, தாழ்வாக வந்தது, முருங்கை மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது, எதையும் விடவில்லை. வடகம் நல்லபடியாகக் காய்ந்தது. டீச்சர்கள் சுவருக்கு மேலே தலை நீட்டி, "அக்கா, எங்களுக்குக் கோல் கீப்பரா வந்துருங்க" என்று கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் அகில இந்திய மாதர் கால்பந்து லீக் என்று ஒன்று புதிதாகக் கிளம்பியிருந்தது. ஜில்லாவில் ஜெயிக்கிற அணி மெட்ராசுக்குப் போய், ஒரு மாசம் தங்கி, பம்பாய்க்காரிகளோடும் கல்கத்தாக்காரிகளோடும் ஆட வேண்டும்.

"போயி ஆடு வள்ளி. காத்தாட இருக்கும்" என்று சுருளிவேல் பெரிய மனசோடு சொன்னார். முதல் ஆட்டத்திலேயே தோற்று, ராத்திரி உலை வைக்க வந்துவிடுவாள் என்பது அவர் எண்ணம்.

வடமதுரைப் பெண்கள் வந்தார்கள். ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பினார்கள். சின்னாளபட்டிப் பெண்கள் சுங்குடிச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அத்தனை புள்ளிக்கு நடுவில் பந்து எது, புள்ளி எது என்று தெரியாமல் திண்டுக்கல் டீச்சர்கள் திணறினார்கள். சண்முகவள்ளிக்கு மட்டும் தெரிந்தது. புள்ளி வைத்துப் பழகிய கை அது. வாசலில் கோலம் போட்டவள், இப்போது யாரையும் கோல் போட விடவில்லை. கடைசியில் மதுரையும் தோற்றது.

ஒவ்வொரு தடவையும் சுருளிவேலுக்கும் ஒரு மாலை விழுந்தது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு அவருடைய சைக்கிள் கடையில் இருந்ததால், அவரைக் கமிட்டியில் போட்டிருந்தார்கள். மாலை போட்ட கழுத்தோடு சிரித்துச் சிரித்து, இப்போது விஷயம் மெட்ராஸ் வரை வந்துவிட்டது.

ஒரு மாசம். அவருக்கு வெந்நீர் போடத் தெரியும். அது எப்போது வெந்நீர் ஆகிறது என்பதுதான் தெரியாது.

பக்கத்துத் தையல் கடை இருளப்பனிடம் போய் உட்கார்ந்தார்.

"போகாதேன்னு சொல்லிற வேண்டியதுதானே, மாப்ள?"

"சொல்லிரலாம். ஏன்னு கேப்பாளே."

"சோறு பொங்கத் தெரியாதுன்னு சொல்லு."

"கமிட்டி மெம்பர் சொல்ற பேச்சா இது?"

"அப்ப பட்டினி கெட. கமிட்டி வந்து ஊட்டட்டும்."

அங்கேதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது சண்முகவள்ளி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. பழனி மலையில் ஊரே "வேல் வேல்" என்று கூவும்போது, வேலில் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று வாயை மூடிக்கொள்வாள். அரோகராவுக்கு மட்டும் திறப்பாள். சுருட்டு வாங்கப் போனால் "அந்தப் புகையிற குச்சி" என்பாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சுருளிவேல் எழுந்து நின்றார்.

"தூரா தொலைவு போறாங்க. ரயில்ல ஒருத்தி தவறிப் போனா, யார் வீட்டுப் பொம்பளைன்னு எப்படித் தெரியும்? கல்யாணமானவுக, புருசன் பேரைத் தன் வாயால சபையில சொல்லணும். சொல்லத் தெரியாதவுக வர வேண்டாம்."

கமிட்டிச் செயலாளர் டிரில் மாஸ்டர் கிறிஸ்துராஜ். அவர் மனைவி அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், பல சமயம் உரக்க. ஆகவே அவருக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ரூல் நிறைவேறியது. அணியில் மற்ற எல்லோரும் கல்யாணமாகாத டீச்சர்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பெயர் கேட்கிற நாளன்று மைதானத்து வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். ஊர் கூடிவிட்டது. சுருளிவேல் சலவைச் சட்டை போட்டு, மேஜைக்குப் பின்னால் இருளப்பனோடு உட்கார்ந்தார். இரக்கமான முகம் ஒன்றையும் தயாராக வைத்திருந்தார்.

"வாங்கம்மா. உங்க கணவர் பேரு?" என்றார் கிறிஸ்துராஜ்.

சண்முகவள்ளி தரையைப் பார்த்தாள்.

"சொன்னாத்தான் ரயில் ஏறலாமா, சார்?"

"ஆமாம்மா. ரூல்."

"யாரு போட்ட ரூலு?"

"உங்க வீட்டுக்காரரே போட்டதுதான்."

"அப்பச் சரி. அவுக ஆயுசு, அவுக ரூலு. நான் குறுக்க நிக்கல."

அவள் கிழக்கே திரும்பினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"சு..."

சுருளிவேலுக்கு இடது மார்பில் ஏதோ சுருக்கென்றது. தும்மல் வந்தாலே வைத்தியர் வீட்டுக்கு நடக்கிறவர் அவர். குறையப்போவது யாருடைய ஆயுசு என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

"வள்ளி, செத்த இரு."

"இருக்கேங்க."

அவர் இருளப்பன் காதருகே குனிந்தார். "ஏப்பா, ஒரு எழுத்துக்கு எம்புட்டுக் குறையும்?"

"உன்கிட்ட மொத்தம் எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சொல்லலாம்."

"வெளையாடாதே. நெஞ்சு அடைக்குது."

"அப்ப கொஞ்சந்தான் இருக்கும் போல."

"ஏங்க," என்றாள் சண்முகவள்ளி, "இப்படி நடுவுல தடங்கல் பண்ணா நான் மறுபடி மொதல்லருந்துல்ல ஆரம்பிக்கணும்?"

மறுபடி முதலிலிருந்து என்றதும் சுருளிவேல் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏற்கெனவே போன ஒரு எழுத்து போனதுதானே. அவள் மறுபடி கிழக்கே திரும்பினாள்.

"சு..."

"ரூல் வாபஸ்" என்று சுருளிவேல் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன சார், நீங்கதானே அவ்வளவு வற்புறுத்தினீங்க?" என்றார் கிறிஸ்துராஜ். "காரணம் சொல்லணுமே."

"சொந்தக் காரணம், சார். ரொம்பச் சொந்தம்."

"அப்ப ரயில்ல தவறிப் போனா?"

"போகட்டும் சார். அவ தவறிப் போனாலும் தேடிப் புடிச்சிரலாம். நான் போயிட்டா யாரு புடிப்பா?"

கூட்டம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. சண்முகவள்ளி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள்.

புறப்படும் நாளன்று திண்டுக்கல் ஸ்டேஷனில் அணிக்கு வழியனுப்பு விழா நடந்தது. சுருளிவேலுக்கு இன்னும் ஒரு மாலை. டீச்சர்கள் ஜன்னலோரம் உட்காரச் சண்டை போட்டார்கள். சண்முகவள்ளி ஜன்னல் கம்பி வழியாகச் சமையல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அரிசியைக் களைஞ்சிட்டுப் போடுங்க. சோத்துக்கு வெஞ்சனமா வடகம் பொரிச்சுக்கங்க. எண்ணெய் காய்ஞ்ச பிறகு போடணும்."

"காய்ஞ்சது எப்படித் தெரியும்?"

"விரல விட்டுப் பாக்காதீங்க. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

ரயில் கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். சுருளிவேலுக்குப் பல நாளாக ஒரு கேள்வி மனசில் கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வள்ளி, உள்ளதச் சொல்லு. அன்னிக்கு நான் தடுக்கலைன்னா, எம் பேரை முழுசாச் சொல்லியிருப்பியா?"

"உங்க பேரா?" அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "அது எப்படிங்க என் வாயில வரும்?"

"சு... சு...ன்னு ரெண்டு தரம் ஆரம்பிச்சியே."

வண்டி நகர்ந்தது. அவரும் கூடவே நடந்தார்.

"அதுவா? 'சுப்பிரமணியா, எம் புருசனுக்கு நல்ல புத்தி குடுப்பா'ன்னு வேண்டிக்கிட்டு, எனக்குப் பேரு சொல்ல வராது சார்னு திரும்பிப் போகலாம்னுதாங்க வந்தேன். நீங்கதான் வாயத் தொறக்க விடல."