கன்ட்ரோல், ஆல்ட், டி

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஆலை நிர்வாகம் என்னை மூன்று முறை இடைநீக்கம் செய்தது. இரண்டாவது, என் துண்டறிக்கையைப் பாதியாக வெட்டிய சங்கம், பின்பாதியை மட்டும் அச்சடித்தது. மூன்றாவது, என் உண்ணாவிரதத்தின் நான்காம் நாளே பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஐந்தாம் நாளும் பட்டினி கிடந்தேன். என் மனைவிதான் வந்து எழுப்பிக் கூட்டிப்போனாள். நான்காவது, கன்ட்ரோல், ஆல்ட், டி.

எங்கள் வீட்டுக் கணினியில் ஓடுவது லினக்ஸ். முதலாளி இல்லாத மென்பொருள் என்பதால் நான்தான் அதைக் கொண்டுவர வைத்தேன். இந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் என்கிற கறுப்புச் சன்னல் திறக்கும். நாம் கட்டளை எழுதினால் இயந்திரம் கீழ்ப்படியும். கணினியைத் திறந்து கட்டளையிடுபவரின் பெயர் முதல் வரியிலேயே நிற்கும். என் பெயர் 'போராளி'.

இருந்தது இரண்டு டெர்மினல். ஒன்றில் எழுத்து கட்டைவிரல் பருமன், இன்னொன்றில் எறும்பு. விசையை அழுத்தினால் எறும்புதான் வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்குச் செயற்குழுவினர் நால்வர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நான் இயக்கிக் காட்டினால் சங்கத்தின் கணினிப் பொறுப்பு எனக்கு. தடுமாறினால் அந்த நால்வரில் ஒருவரான தாடித் தோழருக்கு.

"என்னங்க, நான் பார்க்கட்டுமா?" என்றாள் மனைவி. இருபத்தாறு வருடமாக என் துண்டறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள். தட்டும்போதே வசவுகளைப் பாதியாகக் குறைத்துவிடுவாள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் எதிர்க்கட்சி.

"வேண்டாம். வெளியார் தலையீட்டை ஏத்துக்க முடியாது."

"சரி, போராடுங்க."

பெரிய எழுத்து டெர்மினலை முதன்மையாக்கக் கட்டளை எழுதினேன். 'உமக்கு அதிகாரமில்லை. இச்சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்படும்' என்றது இயந்திரம். என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதாதவர் யார்? அதே கட்டளையைப் பதினொரு முறை எழுதினேன். பிறகு விசைப்பலகை அமைப்புக்குள் புகுந்தேன். வெளியே வந்து விசையை அழுத்தினால் கால்குலேட்டர் திறந்தது. இன்னொரு முறை புகுந்துவிட்டு அழுத்தினேன். திரையே பூட்டிக்கொண்டது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள். "பதினொரு புகார் வந்திருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நிர்வாகி நான்தானே."

"உன்னை யார் நியமிச்சது?"

"லினக்ஸ் வரணும்னு நீங்க தீர்மானம் போட்டீங்க. உட்கார்ந்து அதை ஏத்தினது யாரு?"

பூட்டிக்கிடந்த திரையில் மூன்று விசைகளையும் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

"சரி பண்ணித் தரேன். யார் பண்ணினாங்கன்னு அவங்க நாலு பேர்கிட்டயும் நீங்க சொல்லணும்."

"அப்போ என் மரியாதை என்ன ஆகிறது?"

"அப்ப சொல்ல வேண்டாம். கணினியை நானே திறந்து வைக்கிறேன். நீங்க வந்து அழுத்துங்க, போதும்."

நிபந்தனையில்லாமல் இறங்கிவந்த நிர்வாகத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை. நால்வரும் வந்து அமர்ந்தார்கள். திரைக்கு முதுகைக் காட்டி நின்று இருபது நிமிடம் பேசினேன். "இந்த இயந்திரத்துல என் உத்தரவில்லாம ஒரு எழுத்து அசையாது" என்று முடித்து, கையைப் பின்னால் நீட்டி மூன்று விசைகளையும் தடவி அழுத்தினேன். நால்வர் முகத்திலும் வெளிச்சம் மாறியது. திறந்துவிட்டது.

"எழுத்து நல்லா பெருசா இருக்கு தோழர்" என்றார் தாடித் தோழர். அவர் கையில் தீர்மானப் புத்தகம். "கட்டளை போடுறவர் பேரு முதல் வரியிலயே இருக்கும்னீங்க இல்ல?"

"இருக்கும். சத்தமாப் படிங்க. படிச்சபடியே பதிவு பண்ணுங்க."

மனைவி தேநீர்த் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். தாடித் தோழர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"ஆளுங்கட்சி."