பாட்டுக்கு அடியில் ஒரு முனகல்

"நிறுத்துங்க, மறுபடியும் வருது," என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவாளர்.

ஐந்தாவது தடவை. பாட்டு சூடு பிடித்ததும் எல்லா வாத்தியங்களுக்கும் அடியில் ஒரு முனகல்.

ஆர்கன் முன்னால் இருந்தவள் ஹெட்போனைக் கழற்றினாள். மெட்டுப் போடுவது அவள், பாடுவது கணவன். அவர்களுடைய சோல் இசை பேண்டின் முதல் ஆல்பம் ஓடியதே அதிர்ஷ்டம் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர் இரண்டாவதைக் கேட்க வருகிறார். பிடிக்காவிட்டால் பேண்டு அத்தோடு சரி.

"பக்கத்து ரூம் ஃப்ரிட்ஜா இருக்கும் அண்ணி," என்று டிரம்ஸ் வாசிக்கும் கொழுந்தன் போய் அதைப் பிடுங்கிவிட்டான். பால் திரிந்தது, முனகல் நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினார்கள். வியர்த்த கையிலிருந்து டிரம் குச்சி பறந்துபோய் விளக்கை உடைத்தது. இருட்டில் முனகல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார் ஒலிப்பதிவாளர். அவள் முறையில்தான் அது வந்தது.

"உன் ஆர்கன்தான்! நான் அப்பவே நினைச்சேன்," என்றான் கணவன்.

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வீட்டில் எது உடைந்தாலும் முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு.

இரவல் ஆர்கன் வந்தது. அதுவும் முனகியது.

"எடுக்க முடியலைன்னா மூடிடலாம். மத்த சத்தத்தைப் பெருசாக்குவோம்," என்றாள்.

மூன்று டிரம்பெட்காரர்கள் வந்தார்கள். முனகல் உற்சாகமாகி அவர்களோடு மேலே ஏறியது. நான்கு வயலின்கள் வந்தன. முனகல் உருகியது.

"பேயா இருக்குமோ அண்ணி?"

"பேய் இவ்வளவு சுருதி சுத்தமாவா பாடும்?"

"பதினேழு வருஷமா பாடறேன், இப்படி ஒரு தொல்லையக் கேட்டதே இல்ல," என்று தலையில் கைவைத்தான் கணவன்.

அவளை வேறொன்று குழப்பியது. அந்த முனகல் போகும் இடமெல்லாம் அவள் மனசு போக நினைத்த இடமாகவே இருந்தது. எப்படித் தெரியும் அதற்கு? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசி முயற்சியாக, கோரஸ் பாட ஆறு பெண்களை வரவழைத்தாள். அறையில் இடமில்லாமல் அவர்கள் ஆர்கனைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். ஒரே மூச்சில் பதிவு முடிந்தது.

கம்பெனிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் கையை உயர்த்தினார்.

"அடியில ஒரு குரல் வருதே, உயிரே அதுலதான் இருக்கு. மொத்த ஆல்பத்துலயும் அதை மேல கொண்டு வாங்க. யாரு அது?"

கணவன் தொண்டையைக் கனைத்தபடி ஓரடி முன்னால் வந்தான்.

"நீங்க எங்க சார் வர்றீங்க?" என்றாள் கோரஸ் பெண்களில் ஒருத்தி. "வாசிக்கும்போது இந்த அக்கா வாய்க்குள்ளயே பாடுறாங்களே, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நாங்க ஆறு பேரும் பாடினோம்!"